தொடக்கூடாத வசனம்

1936 ஜூன் 9, செவ்வாய்.

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். ஹாஷிமின் தாளில் ஏழாம் வசனத்துக்குச் சிவப்புக் கோடு போட்டேன். வீட்டுக்கு வந்து இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினால், அதே வசனம் எழுத்துப் பிசகாமல் சரியான உதாரணங்களின் வரிசையில் அச்சாகியிருக்கிறது. அவன் எழுதியது சரி. நான் போட்ட கோடுதான் பிழை. நாளை மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும்.

வீரய்யா பேனாவை வைத்துவிட்டு, ‘சிறு பிழை’ என்று தான் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிழை சிறிதுதான். அது விழுந்த இடம்தான் சிறிதல்ல.

தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் வெள்ளைக்காரக் கம்பனி ஒன்று கண்டியில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அது ஒரேயொரு சின்னக் கிளாக்கரை எடுக்கும். அதற்கு ஆங்கில இலக்கணப் பரீட்சை உண்டு. கொழும்பில் அச்சடித்து முத்திரை வைத்து அனுப்பும் தாள், நாற்பது வசனங்கள், பிழை திருத்த வேண்டும். இந்த வருஷத்துப் பரீட்சை வரும் சனிக்கிழமை. இருபத்திரண்டு வயது முடிந்தவன் விண்ணப்பிக்க முடியாது. வீரய்யாவுக்கு ஆடி மாசத்தோடு இருபத்திரண்டு முடிகிறது. இந்தச் சனிக்கிழமையை விட்டால், புகையிரத நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்கு இலக்கம் அடித்தபடியே தலை நரைக்க வேண்டியதுதான்.

பரீட்சை எழுதுவதற்கு ஒரு நற்சாட்சிப் பத்திரமும் வேண்டும். போன வருஷம் மாலை வகுப்பு முத்துலிங்கம் மாஸ்டர் ஐந்து பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஐந்து பேரும் விழுந்தார்கள். கம்பனியின் பெரிய கிளாக்கர் வழியில் அவரை நிறுத்தி, ‘வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது?’ என்று கேட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு மாஸ்டருக்கு இன்னும் ஆறவில்லை. “இந்த முறை ஒருத்தனுக்குத்தான் எழுதுவன். முதலாவதா நிக்கிறவனுக்கு. மற்ற ஆக்கள் கெஞ்சிக்கொண்டு வரவேண்டாம்” என்று தை மாசமே சொல்லிவிட்டார்.

முதலாவதாக நிற்பது யாரென்று முடிவு செய்வது, மாணவர்கள் ‘சேவல் சண்டை’ என்று சொன்ன ஒரு போட்டி.

மாஸ்டர் அதற்கு வைத்த பெயர் ‘மாற்றுத் தாள்’. செவ்வாய்தோறும் அவர் பத்து வசனங்கள் சொல்வார். நல்ல வசனங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலையோ கையையோ முறித்துத்தான் சொல்வார். மாணவர்கள் திருத்தி எழுதி, தாளை அடுத்தவனோடு மாற்றிக்கொள்வார்கள். பிறகு சிவப்புப் பென்சில். மற்றவன் தாளில் பிழை கண்டவனுக்கு ஒரு புள்ளி கூடும். எழுதியவனுக்கு ஒரு புள்ளி குறையும். எழுதியவன் எழுந்து மறுக்கலாம். ஆனால் இலக்கண விதியை வாய்விட்டுச் சொல்லித்தான் மறுக்க வேண்டும். வராவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். வீணாகக் கோடு போட்டவனுக்குத் தண்டனை எதுவும் இல்லை. அதனால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கோடு போட்டார்கள். ஆறு மாசத்தில் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஒரே வாங்கில் இருந்தவர்கள் இடையில் புத்தகங்களை மதில்போல அடுக்கிக்கொண்டார்கள்.

அந்தச் சண்டையில் வீரய்யாதான் கெட்டிக்காரன். விதிகளுக்கெல்லாம் பெட்டிகளுக்குப் போடுவதுபோல இலக்கம் போட்டு மனப்பாடம் செய்திருந்தான். யாராவது வாயைத் திறந்தால் அவனிடம் ஒரு விதி தயாராக இருக்கும். ஹாஷிமுக்கு ஒரு விதியும் தெரியாது. கொழும்பு வீதியில் அவன் வாப்பாவின் துணிக்கடைக்கு வரும் துரைமார் வீட்டுப் பெண்களோடு சின்ன வயதிலிருந்தே கதைத்துப் பழகியவன். ஆங்கிலம் அவனுக்குக் காதில் இருந்தது. வீரய்யாவைக் கண்டால், “வாங்கோ லயத்துக் கிளாக்கர்” என்பான்; தோட்டத்துக் கூலி லயன் வீட்டில் பிறந்தவன் என்ற குத்தல் அது. வீரய்யா தாள் கைக்கு வரும்வரை காத்திருப்பான்.

அந்தச் செவ்வாயும் அப்படித்தான் நடந்தது. ஏழாம் வசனத்தை ஏழு பேரும் ஒவ்வொரு மாதிரித் திருத்தியிருந்தார்கள். ஹாஷிம் மட்டும் மாஸ்டர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தான். வீரய்யா கோடு போட்டான். ஹாஷிம் எழுந்தான்.

“அதுல பிழ இல்ல மாஸ்டர். அது அப்பிடித்தான் வரும்.”

“விதி?”

“விதி தெரியா. காதுக்கு சரியா ஈக்கி.”

“காதால பரீட்சை எழுதப் போறீரோ? இரும்.”

வகுப்பு சிரித்தது. அந்த ஒரு கோட்டில் வீரய்யா ஒன்று ஏறினான், ஹாஷிம் ஒன்று இறங்கினான். அதுவரை ஒரு புள்ளி முன்னால் நின்ற ஹாஷிம், ஒரு புள்ளி பின்னால் போனான். அதுவே கடைசிச் சண்டை. பத்திரத்தில் கையெழுத்து புதன்கிழமை.

புதன் காலையில் இதை அக்கா ரத்தினம்மாவிடம் சொன்னான். கட்டுக்கலையில் அவர்கள் குடியிருந்த அறையின் முன்பக்கமே அவளுடைய அப்பக்கடை. அவள் கரண்டியை ஓங்கிக்கொண்டு திரும்பினாள்.

“ஒனக்கு என்னா பைத்தியம் புடிச்சிருக்கா? அந்தக் கடக்காரப் பய ஒன்ன என்னா சொல்லிக் கூப்புடுறான்? அவனுக்குப் போயி நியாயம் பேசப் போறியா?”

“நியாயம் இல்லக்கா. கோடு பிழை. அது அப்படியே இருந்தா எனக்கு ஒறுத்துது.”

“எனக்கும் ஒறுத்துது, இந்த அடுப்புல வேகுறது. நீ கிளாக்கரானா விட்டுட்டு எந்திரிக்கலாம்னு இருக்கேன். ஹுன்னஸ்கிரியா தோட்டத்துல அப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. வாயத் தொறந்த, இந்தக் கரண்டி ஒன் வாயிலதான்.”

மாலையில், கீழே பேக்கரியில் சுடும் பாணின் வாசனை திருகோணமலை வீதி மாடி வகுப்புக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்தார். மேசையில் விரித்து, பேனாவை மையில் தோய்த்தார்.

“வீரய்யா, முழுப் பேரைச் சொல்லும்.”

வீரய்யா எழுந்தான். “மாஸ்டர், அதுக்கு முந்தி ஒன்னு சொல்லணுங்க. நேத்து ஹாஷிமோட ஏழாவது வசனத்துக்கு நான் போட்ட கோடு பிழைங்க. அவரு எழுதுனது சரி. புத்தகத்துல அப்படியே இருக்கு.”

ஹாஷிம் முதலில் திரும்பினான். நன்றி சொல்லும் முகம் அல்ல.

“எனத்த நாடகம் இது?” என்றான்.

“புத்தகத்தைக் கொண்டாரும்” என்றார் மாஸ்டர்.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நடந்தது வீரய்யாவுக்கு அப்போதுதான் விளங்கியது: அந்தப் பக்கத்திலிருந்து வசனம் எடுத்தவர், இதை மட்டும் முறிக்க மறந்து முழுசாகச் சொல்லிவிட்டார். யாருக்கும் வரக்கூடிய கைத்தவறு. சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார் என்றுதான் வீரய்யா நினைத்தான்.

“பிழை இருக்கு” என்றார் மாஸ்டர்.

“எங்கங்க?”

“காற்புள்ளி ஒண்டு குறையுது.”

“புத்தகத்துலயும் அப்படித்தாங்க இருக்கு.”

“அச்சடிச்சவன்ர பிழை.” மாஸ்டர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். “என்ர வகுப்பில சரியான வசனம் குடுக்கிறேல்ல. இந்த வகுப்புத் துடங்கின நாளில இருந்து ஒண்டும் குடுக்கேல்ல. இனியும் குடுக்கமாட்டன். விளங்குதோ?”

ஹாஷிம் சிரித்தான். வாயைப் பொத்தாமல், முகட்டைப் பார்த்துச் சிரித்தான்.

“அதானே மாஸ்டர் போன வருஷம் அஞ்சி பேரும் உழுந்த.”

“என்ன சொன்னனீர்?”

“எங்கட மச்சானும் அந்த அஞ்சிலதானே. கம்பனித் தாள்ல கால்வாசி வசனம் சரியானதாம். அடியில எழுதியும் ஈக்கி: சரியானதத் தொடாதே, தொட்டா புள்ளி கொறயும். மச்சான் வாசிச்சானாம். வாசிச்சும் கை நிக்கல்ல. ஓங்கட்ட படிச்ச கைதானே? எல்லாத்தையும் வெட்டிக் கொத்தி வெச்சிட்டு வந்தீக்கான்.”

“உது உமக்கு இவ்வளவு நாளும் தெரியுமோ?”

“தெரியும்.”

“ஏன் வகுப்பில சொல்லேல்ல?”

“எனத்துக்குச் செல்லணும்? மத்தவனெல்லாம் உழுந்தா எனக்கு எனத்த நட்டம்?”

மாஸ்டரின் காது மடல்கள் செக்கச் சிவந்தன. கையில் இருந்த பேனா வாசலைக் காட்டியது. மை ஒரு துளி தரையில் விழுந்தது. “வெளியில போ. இனி இந்தப் படி ஏறக்கூடாது.”

“ஏறச் சொன்னாலும் ஏற மாட்டேன்.” ஹாஷிம் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

மாஸ்டர் உட்கார்ந்து வீரய்யாவின் பெயரை எழுதினார். அழுத்தின அழுத்தில் பேனா முள் பிளந்து, கையெழுத்து இரட்டைக் கோடாக விழுந்தது. பத்திரத்தை நீட்டும்போது அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“உமக்குத் தகுதி எண்டு நினைச்சுத் தாறன் எண்டு எண்ணாதையும். அவனுக்கு இல்லை எண்டதுக்காகத் தாறன்.”

பின் வாங்கில் இருந்த ராஜலிங்கம், அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துப் பியோனின் மகன், எல்லோருக்கும் கேட்க முணுமுணுத்தான். “கெட்டிக்காரன் ஐசே நீ. உண்மையச் சொல்லியே ஒருத்தன வெளியில தள்ளிட்டியே. நாங்க பொய் சொல்லிக்கூட இவ்வளவு செய்யல்ல.”

யாரும் வீரய்யாவுக்கு வழிவிட்டு ஒதுங்கவில்லை. அவன் வாங்குகளுக்கு இடையே பக்கவாட்டாக நடந்து வெளியே வந்தான். பத்திரம் போய்விடும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்திருந்தான். இப்போது அது சட்டைப் பைக்குள் இருந்தது. இருந்தும் நிம்மதியாக இல்லை.

பேக்கரி வாசலில் ஹாஷிம் ஒரு பணிஸைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“சந்தோஷமா, கிளாக்கர்?”

“நான் ஒங்களுக்குப் புள்ளி திருப்பிக் குடுக்கத்தான் சொன்னேன்.”

“நான் கேட்டேனா? நீ பேசாம இருந்திருந்தா எனக்குப் போறது ஒரு காயிதம். இப்ப வகுப்பும் போச்சு, வாப்பாட காதுக்கும் போகப் போகுது.” பணிஸ் துண்டை வாய்க்குள் தள்ளினான். “காயிதத்தப் பத்திக் கவலப்படாத. வாப்பாட கூட்டாளி ஒரு நொத்தாரிசு, பத்திரம் எழுதுறவரு; அவர்ட கையெழுத்தயும் கம்பனி எடுக்கும். நாளைக்கி எனக்கும் ஒண்டு வரும். சனிக்கிழம ஒனக்கு முன் கதிரையில நான்தான் ஈப்பேன்.”

“தாள்ல எத்தனை வசனம் சரியா இருக்கும்? சரியா கால்வாசியா?”

ஹாஷிம் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தான். “ஒனக்கா செல்லுவேன்? ஒனக்குக் காயிதம் ஈக்கி. கை எங்க?”

அந்தக் கேள்வி கட்டுக்கலை வரைக்கும் கூடவே வந்தது. தன் கை எப்படிப்பட்டதென்று வீரய்யா சோதித்துப் பார்க்க விரும்பினான். அதற்குச் சரியான வசனங்கள் வேண்டும். அவனுடைய கொப்பிகளில் இருந்ததெல்லாம் முறிந்த வசனங்கள். இலக்கணப் புத்தகத்தின் உதாரணங்கள் மனப்பாடம், அவை உதவா.

அப்பம் சுற்ற அக்கா வாங்கி வைத்திருந்த பழைய பேப்பர் கட்டு கண்ணில் பட்டது. துரைமார் கிளப்பிலிருந்து நிறுவைக்கு வாங்கிய ஆங்கிலப் பேப்பர்கள். படித்தவர்கள் எழுதி, படித்தவர்கள் பார்த்து அச்சிட்டவை. அதில் பிழை இருக்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

வியாழன் காலை, வேலைக்குப் போகுமுன், ஒரு பக்கத்தை விரித்துச் சிவப்புப் பென்சிலை எடுத்தான். கப்பல் வரவு பற்றிய செய்தி. முதல் வசனத்திலேயே கை போனது. அடுத்ததிலும் போனது. மழை பற்றிய செய்தியில் மூன்று கோடு. கவர்னர் யாருக்கோ விருந்து வைத்த செய்தியில் கவர்னருக்கே இரண்டு கோடு. பக்கம் முடியும்போது அது அம்மை வார்த்த முகம்போல இருந்தது. பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் விதியைத் தேடினான். ஒன்றுக்கும் விதி கிடைக்கவில்லை. கோடுகளைக் கை தன்பாட்டில் போட்டிருந்தது.

ஆறு மாசமாகத் தன்னிடம் இருப்பது கூர்மையான கண் என்று நினைத்திருந்தான். இருந்தது கடிக்கப் பழகிய பல்.

வேலை முடிந்து வந்தபோது ரத்தினம்மா அவனுக்காகவே காத்திருந்தாள்.

“பேப்பர என்னாடா செஞ்சு வச்சிருக்க? தபால்காரரு அப்பத்தத் திருப்பிக் கொண்டாந்து நீட்டுறாரு. செவப்புச் சாயம் அப்பத்துல ஒட்டியிருக்கு. ‘என்ன ரத்தினம்மா, அப்பத்துக்கும் புள்ளி போடுறீங்களா, இது பாஸா பெயிலா’ன்னு எல்லாரு முன்னுக்கும் கேக்குறாரு!”

“பாஸ்னு சொல்லிருக்கலாம்ல?”

“சொல்லுவ நீ! பேப்பர் பக்கம் கைய வச்ச, அந்தக் கைக்குச் சூடுதான்.”

வெள்ளிக்கிழமை காலை பென்சில் இல்லாமல் உட்கார்ந்தான். காதால் பிடிக்க ஹாஷிமைப் போல அவன் யாரோடும் ஆங்கிலம் பேசி வளர்ந்தவன் அல்ல. ஆகவே தனக்குத் தெரிந்த வழியிலேயே போனான்: விதி. புதிதாக ஒன்றைச் செய்து டயரியில் எழுதினான். ‘வசனத்தில் கை வைக்கும் முன், எந்த விதி மீறப்பட்டது என்று இலக்கத்தைச் சொல். இலக்கம் வராவிட்டால் அடுத்த வசனத்துக்குப் போ.’ பிறகு வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு பக்கம் முழுவதையும் வாசித்தான். கை துடித்தது. சில வசனங்களில் விரல்கள் தொடையைக் கிள்ளின. பக்கம் முடிந்தபோது நெற்றி வியர்த்திருந்தது.

“கையில என்னா காயமா?” என்றாள் ரத்தினம்மா.

“இல்லக்கா. பழக்கிறேன்.”

“மாட்டயா பழக்குற? போயி தண்ணி மொண்டுட்டு வா.”

சனிக்கிழமை கம்பனியின் மேல்மாடியில் கதிரைகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. ஹாஷிம் சொன்ன சொல் தவறவில்லை. வீரய்யாவுக்கு நேர் முன் கதிரையில் இருந்தான். திரும்பிப் பார்த்து, கையைத் தூக்கி விரல்களை ஆட்டிக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

தாள் வந்ததும் வீரய்யா அடியைத்தான் முதலில் பார்த்தான். அங்கே சின்ன எழுத்தில் இருந்தது, ஹாஷிம் சொன்ன அதே வரி. அதை இரண்டு தடவை வாசித்தான்.

முதல் சில வசனங்கள் இலேசாகப் போயின. பையன்கள் ஒவ்வொருவருக்கும் தொப்பி கொடுத்த வசனம், இரண்டு சகோதரர்களில் யார் உயரம் என்ற வசனம். எல்லாம் பழைய எதிரிகள். விதியின் இலக்கம் கேட்கும் முன் வந்தது. பிறகு ஒரு வசனம் அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. இலக்கம் கேட்டான். வரவில்லை. கை பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனது. வீரய்யா பேனாவை இடது கைக்கு மாற்றினான். மேற்பார்வைக்கு நின்ற வெள்ளைக்காரர் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்த வசனத்தை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனான்.

இருபதைத் தாண்டியபின் பயம் பிடித்தது. தொடர்ந்து மூன்று வசனங்களை விட்டிருந்தான். மூன்றா? அடுத்தடுத்து மூன்று சரியான வசனங்களை யார் கொடுப்பான்? ஒருவேளை மூன்றிலும் பிழை ஒளிந்திருந்து தன் கண்ணுக்குத்தான் படவில்லையா? மூன்றில் ஒன்றையாவது திருத்திவிட்டால் மனம் ஆறும்போல இருந்தது. நடுவிலுள்ளதில் ஒரு சொல்லை அடித்தான். அடித்த சொல்லுக்கு மேல் வேறொன்றை எழுதினான். மாஸ்டரின் ‘காற்புள்ளி’ நினைவுக்கு வந்தது. மூடிய புத்தகத்தின்மேல் இருந்த அவருடைய கையும் நினைவுக்கு வந்தது. தானும் இப்போது அதைத்தான் செய்கிறான்: பிழை இல்லாத இடத்தில் தன் பயத்துக்காக ஒரு பிழையை உண்டாக்குகிறான். எழுதியதை அடித்து, பழைய சொல்லைத் தெளிவாகத் திரும்ப எழுதினான். தாளில் அந்த இடம் அசிங்கமாக இருந்தது. இருக்கட்டும் என்று விட்டான்.

படியிறங்கும்போது ஹாஷிம் பிடித்துக்கொண்டான்.

“எத்தனைய உட்டாய்?”

“ஒனக்கா சொல்லுவேன்?” என்றான் வீரய்யா. ஆறு மாசத்தில் முதல் தடவையாக அவனை ‘நீ’ என்று பேசியிருந்தான்.

ஹாஷிமின் முகம் ஒரு கணம் மாறியது. “நாய்க்கு வாலு மொளச்சீக்கி” என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனான்.

திங்கட்கிழமை மாலை ஸ்டோரிலிருந்து கையெல்லாம் கறுப்பு மையோடு வீரய்யா கம்பனிக்கு ஓடினான். வாசல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஹாஷிம் அதற்கு முன்னால் நின்றான், அசையாமல். வீரய்யா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று வீரய்யா. மற்றது ஹாஷிம்.

“ஒரு எடம்தானே?” என்றான் வீரய்யா.

“அதத்தான் நானும் கேக்கப் போறேன்.”

உள்ளே பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். மாஸ்டரை வழியில் நிறுத்திய அந்தப் பழைய சிரிப்புக்குச் சொந்தக்காரர். கம்பனிக்குள் அவருக்குச் சிரிப்பே வருவதில்லை போலும். இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி என்றார். இப்படி இதற்கு முன் நடந்ததில்லை. ஆகவே துரை ஒரு மாதம் இருவரையும் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மாத முடிவில் ஒருவர் இருப்பார், ஒருவர் போவார். அந்த மாதத்துக்குப் பிறகு இருபத்திரண்டு முடிந்தாலும் பாதகமில்லை என்பதையும் அவர் வீரய்யாவைப் பார்த்துத் தனியாகச் சொன்னார்.

“நாளை எட்டு மணிக்கு வாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மேசை. தோட்டங்களுக்குப் போற கடிதங்கள ஒருத்தர் எழுத, மற்றவர் பார்க்கணும். பிழையோட கடிதம் போனா எழுதினவருக்கும் குறைவு, பார்த்தவருக்கும் குறைவு. சரியான கடிதத்தத் திருத்தி என் நேரத்த வீணாக்கினா, திருத்தினவருக்கு மட்டும் குறைவு.”

வெளியே வந்ததும் ஹாஷிம் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான்.

“அல்லாஹ்வே. இங்கயும் சேவல் சண்ட.”

“இங்க வீணாக் கோடு போட்டா தண்டனை இருக்கு” என்றான் வீரய்யா.

“அது ஒனக்குத்தான் பயம். எனக்கில்ல.”

“ஒனக்கு விதி தெரியாது. நான் பிழைன்னு சொன்னா எப்படி மறுப்ப?”

“ஒனக்குக் காது இல்ல. நான் சரின்னு செல்றத எப்பிடிப் பிழன்னுவாய்?”

இருவரும் திருகோணமலை வீதி வழியே தெருவின் இரு ஓரமாக நடந்தார்கள். பேக்கரியைத் தாண்டும்போது மேலே ஜன்னல் திறந்திருந்தது. மாஸ்டரின் குரல் தெருவுக்கே கேட்டது.

“ரெண்டு பேர்! இந்த வகுப்பில இருந்து ஒரே வருஷத்தில ரெண்டு பேர்! என்ர முறையில படிச்ச பிள்ளையள். விளங்குதோ?”

ஹாஷிம் அண்ணாந்து பார்த்தான். பிறகு தெருவுக்குக் குறுக்காக வீரய்யாவைப் பார்த்தான். இருவரும் சிரித்துவிடுவார்கள் போல இருந்தது, சிரிக்கவில்லை.

“என்ட கடிதத்துல சும்மா கை வெச்சாய் எண்டா பாரு” என்றான் ஹாஷிம்.

“பிழை விட்டா வைப்பேன்.”

“உட மாட்டேன்.”

“விட்டா வைப்பேன்.”

ஹாஷிம் கொழும்பு வீதிப் பக்கம் திரும்பினான். வீரய்யா கட்டுக்கலைக்கு நடந்தான். ரத்தினம்மா செய்தியைக் கேட்டு முதலில் அடுப்பைத்தான் பார்த்தாள்.

“ஒரு மாசந்தானா? அப்ப இதுக்குள்ள நானும் ஒரு மாசம் வேகணும்” என்றாள். பிறகு அவனுக்கு முட்டை அப்பம் ஒன்று சுட்டு, பேப்பரில் சுற்றாமல், தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

1936 ஜூன் 15, திங்கள்.

இருவரையும் தேர்வு செய்திருக்கிறார்கள். ஒரு மாதம் பார்ப்பார்கள். சனிக்கிழமை ஒரு வசனத்தை வீணாக அடித்துத் திரும்ப எழுதினேன். அதற்குப் புள்ளி போயிருக்குமோ தெரியாது. ஹாஷிமுக்கும் எனக்கும் ஒரே புள்ளி என்பதால் அவனும் எங்கேயோ ஒன்றைத் தவறவிட்டிருக்க வேண்டும். எங்கே என்று அவன் சொல்லமாட்டான்.

நாளை: கை மையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவ வேண்டும். ஸ்டோருக்கு ஆள் சொல்லி அனுப்ப வேண்டும். எட்டு மணிக்கு முன் கம்பனி. ஹாஷிம் எழுதும் கடிதங்களைப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் விதி இலக்கத்தோடு கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் அப்படியே பெரிய கிளாக்கரிடம் கொடுக்க வேண்டும்.